ஏற்காட்டு வாசலில் ஒரு காட்டெருமை: பொதுச் சிற்பத்தை நம்பிப் பிழைக்க முடியுமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் இருக்கிறேன். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்து முடித்து 3 வருடம் ஆகிறது. அப்பா கிரில் பட்டறை வைத்திருக்கிறார். கோபுரச் சுதை வேலைக்கும் மண்டபங்களில் தெர்மாகோல் வேலைக்கும் போய்க் கொஞ்சம் சம்பாதிக்கிறேன். இப்போது ஏற்காட்டில் ஒரு விடுதிக்காரர், நிஜ அளவில் ஒரு காட்டெருமை கேட்கிறார். 6 அடி உயரம், 9 அடி நீளம். வாசலில், ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படும்படி. ஃபைபரில் செய்து வெண்கலக் கலர் அடித்தால் போதும், மே மாதக் கோடை விழாவுக்குள் 2 லட்சத்தில் முடித்துக்கொடு என்கிறார். மூன்று மாதம்தான் இருக்கிறது. இதைச் செய்தால் கீழே சேலத்தில் ஒரு ரவுண்டானா வேலையும் வாங்கித் தருவாராம். வீட்டில் டிராயிங் டீச்சர் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். பொது இடத்தில் சிற்பம் செய்து ஒரு பெண் பிழைக்க முடியுமா? இந்த வேலையை ஒத்துக்கொள்ளலாமா?

பதில்:

பிழைக்க முடியும். இந்த வேலையை, அவர் சொன்ன தொகைக்கும் அவர் சொன்ன பொருளுக்கும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக முடியாது என்று சொல்லிவிடவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் உயரம், நீளம், கலர், தொகை எல்லாம் இருக்கின்றன. எருமை நிற்கப்போகும் மண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பொதுச் சிற்பத்தில் பாதி வேலை அந்த மண்ணில்தான்: அது யாருடைய நிலம், எவ்வளவு பாரம் தாங்கும், எந்தப் பக்கம் காற்று, யார் கழுவி வைப்பார். இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரிந்த சிற்பிக்குத்தான் இரண்டாவது வேலை வரும்.

முதலில் எருமையின் கணக்கைப் போடுவோம். 1:10 அளவில் களிமண்ணில் ஒரு மாதிரி செய்யுங்கள். அதன் மேல் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, துண்டு துண்டாக வெட்டி உரித்து, கிராஃப் தாளில் பரப்பிப் பரப்பளவை எண்ணுங்கள். அதை 100 ஆல் பெருக்கினால் நிஜ அளவின் மேற்பரப்பு. நீங்கள் சொல்லும் அளவுக்கு இது சுமார் 12 சதுர மீட்டர் வரும். எடை, பொருள், கூலி, லாரி எல்லாம் இந்த ஓர் எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்க்கு வந்த தொகையைச் சொல்லும் பழக்கம் இந்தத் தொழிலில் பலரைக் கடனாளி ஆக்கியிருக்கிறது.

அந்த 12 சதுர மீட்டர் வெண்கலத்தில் 6 மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய 630 கிலோ. 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டில் 190 கிலோ, உள்சட்டம் தனி. 4 மி.மீ. ஃபைபரில் 80 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், உள்சட்டம் தனி. ஒரே கல்லில் செதுக்குவதென்றால் 9 × 3 × 6 அடிக் கட்டி, 162 கன அடி, 12 டன்னுக்கு மேல். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி அந்தக் கல்லைக் கொண்டுபோவது இந்த பட்ஜெட்டில் நடக்காத காரியம்.

இனி ஃபைபர். விடுதிக்காரர் நினைப்பதுபோல அது மலிவு இல்லை. 12 சதுர மீட்டருக்கு, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு (மேட்) நாலு அடுக்கு போட்டால் கண்ணாடி இழை மட்டும் 21 கிலோவுக்கு மேல். இழையைப் பிணைத்து இறுகும் பிசினான ரெசின் அதன் எடையைப்போல இரண்டரை மடங்கு, அதாவது 54 கிலோ. வெளிப்பரப்பில் வரும் அரை மி.மீ. ஜெல் கோட்டுக்கு இன்னும் 7 கிலோ. அச்சையும் ஃபைபரில் எடுத்தால் இதே அளவு இன்னொரு முறை. ஒரே ஒரு பிரதிக்கு ஃபைபர் அச்சு வீண்செலவு, பிளாஸ்டர் அச்சே போதும். அச்சு எடுப்பதற்கான நிஜ அளவு உருவத்துக்குக் களிமண்ணைக் கம்பிச் சட்டத்தின் மேல் சராசரி 7 செ.மீ. கனத்தில் அப்பினால் ஒன்றரை டன் மண் வேண்டும். உள்ளே தெர்மாகோல் வெட்டி வைத்து 3 செ.மீ. மட்டும் மண் பூசினால் 650 கிலோவில் முடியும். தெர்மாகோல் வெட்டுவது உங்களுக்குக் கைவந்த வேலை, அதை இங்கே பயன்படுத்தலாம்.

சேலத்தில் ஏப்ரல் வெயிலில் ரெசின் கலக்கும்போது அதை இறுக வைக்கும் ஹார்ட்னரை எடையில் 1 சதவீதத்துக்கு, கிலோவுக்கு 10 கிராம், இறக்கிக்கொள்ள வேண்டும். வேலையைக் காலை 10 மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். மதியம் 2 சதவீதம் போட்டால் டப்பாவிலேயே இறுகிப் புகையும், அச்சில் சூடேறி வெடிப்பு விடும். 1 சதவீதத்துக்குக் கீழேயும் போகக் கூடாது. ரெசின் வேகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஏற்காட்டுக் குளிரிலும் இதேதான் நடக்கும்: 15 டிகிரிக்குக் கீழே பாலியெஸ்டர் ரெசின் சரியாக இறுகாது. அதனால் மலைமேல் போய் வார்க்கும் யோசனையே வேண்டாம். இன்னொன்று, மறக்கவே கூடாதது: இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட் கரைசலையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்க வேண்டாம்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும், வெண்கலக் கலர் அடித்த ஃபைபர் வெளியில் மெதுவாகக் கெடத்தான் செய்யும். வெயிலில் மேற்பரப்பு சுண்ணாம்புபோலப் பொரியும், பெயிண்ட் தோலுரியும். உள்ளே இரும்புக் கம்பிச் சட்டம் வைத்திருந்தால் ஏற்காட்டுப் பனி உள்ளே புகுந்து, இரும்பு துருவேறிப் பருத்து, காலைப் பிளக்கும். நிறைய ஃபைபர் சிலைகளில் முதலில் உடைவது கணுக்கால்தான், காரணம் இதுதான். கடைசியில் ஃபைபர்தான் என்று ஆகிவிட்டால் தண்ணீரையும் வெயிலையும் கூடுதலாகத் தாங்கும் ஐசோஃப்தாலிக் ரகப் ரெசின், கால்வனைஸ் செய்த அல்லது ஸ்டெயின்லெஸ் உள்சட்டம், வயிற்றின் அடியிலும் ஒவ்வொரு குளம்பிலும் 12 மி.மீ. வடிகால் துளை, மேலே புற ஊதாக் கதிரைத் தாங்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) நிறமற்ற பூச்சு இரண்டு கோட், 3 அல்லது 4 வருடத்துக்கு ஒரு முறை மறுபூச்சு. இந்தக் கடைசிச் செலவு யாருடையது என்று எழுதி வாங்க வேண்டும்.

2 லட்சத்துக்கு வருவோம். இரண்டு உதவியாளர், 10 வாரம், வாரம் 6 நாள் என்றால் 120 ஆள் நாள். நாள் கூலி 900 ரூபாய் என்று வைத்தாலும் 1,08,000. மீதியில் ரெசின், மேட், சட்டம், பிளாஸ்டர், பெயிண்ட், லாரி, ஹைட்ரா கிரேன், அஸ்திவாரம், இன்ஜினியர், எல்லாம் போக உங்கள் சம்பளம். அப்படி ஒன்று மிஞ்சாது. தன் கூலியை எழுதாமல் விலை சொல்லும் சிற்பி, பணத்துக்குச் செய்யவில்லை என்று பெருமையாக நினைத்துக்கொள்ளலாம். அடுத்த சிற்பிக்கும் அந்த விலையே நிலைத்துவிடும். உங்கள் நாள் கூலியை உதவியாளரின் கூலியைவிடக் குறைந்தது இரண்டு மடங்காக வைத்து முதல் வரியில் எழுதுங்கள். எல்லாவற்றையும் கூட்டியபின் 15 சதவீதம் எதிர்பாராததற்கு.

இனி, உங்களிடம் இருப்பதை வைத்து யோசிப்போம். அப்பாவின் பட்டறை. வெல்டிங் மெஷின், கம்பி வளைக்கும் மேடை, வருடக்கணக்கான கைப்பழக்கம். சேலம் உருக்காலையிலிருந்து துருப்பிடிக்காத எஃகு 1980களின் தொடக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அதை வாங்க, வெட்ட, பாலிஷ் போட ஊருக்குள்ளேயே ஆள் இருக்கிறார்கள். ஆகவே அந்தக் காட்டெருமையைத் தோலாகச் செய்யாமல் கோடாகச் செய்யுங்கள். ஸ்டெயின்லெஸ் கம்பிகள் உடம்பின் திரட்சியைத் தொடர்ந்து ஓடும் ஒரு திறந்த உருவம். முதுகு மேட்டையும் கழுத்துத் தொங்கலையும் 16 மி.மீ. கம்பியில் இழுத்து, இடையில் 12 மி.மீ. கம்பியால் நிரப்புங்கள். காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல இருக்கும். உடம்பு முழுக்க மினுக்கமில்லாமல், அந்த நான்கு கால்களில் மட்டும் பாலிஷ் என்று விட்டால், கலர் டப்பாவைத் திறக்காமலே மிருகம் அடையாளம் தெரிந்துவிடும். மூடுபனியில் ஃபைபர் எருமை ஒரு மங்கலான கட்டியாகத் தெரியும். கம்பி உருவத்தின் ஊடாகப் பனி நகர்வது தெரியும். அந்த ஊருக்கு அதுதான் பொருத்தம் என்பது என் தீர்மானம்.

கணக்கு அப்பாவுக்கே தெரியும்: மி.மீ. கணக்கில் விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 16 மி.மீ.க்கு 1.58, 12 மி.மீ.க்கு 0.89. ஸ்டெயின்லெஸுக்கு ஒரு சதவீதம் கூடும். பெரிய கம்பி 40 மீட்டர், சின்னது 110 மீட்டர் என்றால் மொத்தம் 160 கிலோ சொச்சம். கால்களுக்குள் பைப், குளம்புத் தகடு இதற்கு மேல். வெட்டுச் சேதாரம் 10 சதவீதம். அச்சும் இல்லை, ஒன்றரை டன் மண்ணும் இல்லை. கம்பி இடைவெளியில் மட்டும் கவனம் வேண்டும்: 9 செ.மீ.க்கு மேல், 23 செ.மீ.க்குக் கீழ் உள்ள இடைவெளியில் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். விளையாட்டுத் திடல் சாதனங்களுக்குச் சொல்லப்படும் அளவு இது. 8 செ.மீ.க்குள் நிறுத்துங்கள். ஆள் ஏறுவார்கள், படம் எடுப்பார்கள் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு முதுகைக் கணக்கிடுங்கள். கொம்பு நுனியை உருட்டிவிடுங்கள்.

கிரில் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் வேலை செய்வதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. காற்றில் பறக்கும் இரும்புத் தூள் கம்பியில் ஒட்டிக்கொண்டு, முதல் மழையில் செம்புள்ளியாக மலரும். வாங்கியவர் மட்டமான எஃகைப் போட்டு ஏமாற்றிவிட்டாய் என்பார். ஒரு மூலையைத் தார்ப்பாய் கட்டித் தனியாக ஒதுக்குங்கள். இரும்பில் ஓட்டிய கிரைண்டிங் டிஸ்க்கும் பிரஷும் அந்தப் பக்கம் வரவே கூடாது. டிக் (ஆர்கான் வாயு) வெல்டிங்தான், 304 ரக ஸ்டெயின்லெஸுக்கு 308எல் ஃபில்லர் கம்பி. வெல்டைச் சுற்றி வரும் நீல, பழுப்பு நிறத்தை அழகு என்று விட்டுவைத்தால் துரு அங்கேதான் தொடங்கும். அந்த நிறத்தை அரித்தெடுக்கும் பிக்ளிங் பேஸ்ட் தடவிக் கழுவ வேண்டும். அந்தப் பேஸ்ட்டில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டால் முதலில் வலிக்காமல் உள்ளே எலும்பு வரை அரிக்கும். நீளக் கையுறை, முகக் கவசம், பக்கத்தில் கால்சியம் குளூகோனேட் ஜெல், இவை இல்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஜெல் தடவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கம்பி வாங்கும்போது 304 என்று சொல்லி மட்டமான 202 ரகத்தைக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, இரண்டும் அநேகமாக ஒட்டாது. 202இல் மாங்கனீஸ் அதிகம், அதைக் காட்டும் மாங்கனீஸ் சொட்டுச் சோதனை செய்யுங்கள், அல்லது டெஸ்டிங் லேபில் ஒரு துண்டைக் கொடுங்கள். பில்லில் கிரேடும், எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் ஹீட் நம்பரும் இருக்க வேண்டும். அந்தப் பில்லின் நகல் உங்கள் கோப்பில் கடைசிவரை இருக்கட்டும்.

மலைமேல் காற்று. அழுத்தக் கணக்கு எளிது: வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை வர்க்கமாக்கி 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு நியூட்டன். 39 மீட்டர் வேகம் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 913 நியூட்டன், அதாவது 93 கிலோ பாரம். காற்றுப் பாரத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தின்படி மலை முகட்டில் வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்ட வேண்டியிருக்கும். அழுத்தம் வர்க்கத்தில் ஏறுவதால் 172 கிலோ ஆகிவிடும். பக்கவாட்டில் 3.5 சதுர மீட்டர் மூடிய உடம்பு, வடிவத்தைப் பொறுத்துப் பெருக்கும் எண் (வடிவக் கெழு) 1.3 என்று போட்டால் 780 கிலோ தள்ளும். சட்டத்தோடு சேர்த்து 200 கிலோ எடையுள்ள ஃபைபர் எருமையைத் தரையில் பிடித்து வைப்பது அதன் எடை இல்லை, நான்கு குளம்பின் போல்ட்தான். திறந்த கம்பி உருவத்தில் இந்தத் தள்ளல் பாதியாகக் குறையும். 3 × 1.5 மீட்டர், 45 செ.மீ. கனத்தில் எம்25 வலிமைத் தரக் கான்கிரீட் போட்டால் கிட்டத்தட்ட 5 டன், கவிழ்வதற்கு எதிராக நல்ல கையிருப்பு. கம்பி, போல்ட் அளவு, மண்ணின் தாங்குதிறன் இவற்றை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். இந்த எண்கள் அவரிடம் அறிவோடு பேசுவதற்காக, அவருக்குப் பதிலாக இல்லை. ஏற்காட்டில் வாசல் பகுதி பெரும்பாலும் சரிவில் மண் கொட்டி நிரப்பிய இடமாக இருக்கும். தடுப்புச் சுவரின் ஓரத்தில் சிலை வைக்கச் சொன்னால் அங்கேயே நின்று முடியாது என்று சொல்லுங்கள். நிரப்பிய மண் ஒரு மழைக்காலத்தில் இறங்கும், எருமை சாயும்.

ஏற்றிக்கொண்டுபோகும் நாளுக்கு: தூக்குவளையத்தை உள்சட்டத்திலேயே வெல்ட் செய்து, ஈர்ப்பு மையத்துக்கு மேலே வரும்படி வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு இடுப்பில் பெல்ட் கட்டித் தூக்கி, பாலிஷைக் கீறி, கொம்பை வளைத்து வேலையைக் கெடுத்தவர்கள் நிறைய. கொம்புத் தலையைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்தால் சின்ன லாரியிலேயே போகும். போல்ட் துளைகளின் டெம்ப்ளேட்டை 3 மி.மீ. தகட்டில் வெட்டி, கான்கிரீட் போடும் நாளில் நீங்களே போய் வைத்துவிட்டு வாருங்கள். மேஸ்திரியிடம் அளவைப் போனில் சொன்னால் ஒரு போல்ட்டாவது தவறான இடத்தில் நிற்கும்.

அந்த ரவுண்டானா வேலை. 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலையோ கட்டுமானமோ வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. தெருவிளக்கு, போக்குவரத்து, சாலையை மேம்படுத்துதல், அழகுபடுத்துதல் தொடர்பானவற்றுக்கு அந்த உத்தரவு பொருந்தாது என்றும் சேர்த்துச் சொன்னது. ஆகவே ரவுண்டானாவில் ஒரு தலைவரின் உருவம் என்பது வேறு விஷயம், சாலை அழகுபடுத்தும் திட்டத்தின் பகுதியாக வரும் வடிவம் வேறு. இரண்டாவதும்கூட மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ, நிலம் யாருடையதோ அவர்கள் எழுத்து மூலம் வேலை ஆணை தந்தால்தான் வேலை. ‘வாங்கித் தருகிறேன்’ என்ற வாய்வார்த்தைக்காக இந்த எருமையில் விலையைக் குறைக்காதீர்கள். அரசு கொள்முதல் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் நடப்பது. அதில் ஒருவர் பரிந்துரைக்குக் கையில் கொடுக்க ஒன்றும் கிடையாது. விடுதி வாசலுக்கும் இதே விழிப்பு வேண்டும். பட்டா, புல வரைபடம் இரண்டின் நகலையும் கேட்டு வாங்கி, எருமையின் மூக்குவரை அவருடைய எல்லைக்குள் நிற்கிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள்.

ரவுண்டானா உண்மையிலேயே வந்தால், வண்டி ஓட்டுபவரின் கண் மட்டமான 1.1, 1.2 மீட்டர் உயரத்தில் எதிர்ப்பக்கத்தை மறைக்காத வடிவம் வேண்டும். கண்ணாடிபோல மின்னும் ஸ்டெயின்லெஸ் அங்கே கூடாது. குழிந்த பாலிஷ் பரப்பு வெயிலை ஓரிடத்தில் குவித்து ஓட்டுநரின் கண்ணில் அடிக்கும்.

ஒப்பந்தத்துக்குப் பெரிய வக்கீல் தேவையில்லை, 200 ரூபாய் முத்திரைத் தாளும் தெளிவான தமிழும் போதும். மாதிரிக்கும் வடிவமைப்புக்கும் தனித் தொகை, அதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நின்றுபோனாலும் அது திரும்பாது. மீதியை நான்காகப் பிரித்து 40, 30, 20, 10: ஆர்டரோடு, உருவம் பட்டறையில் நின்றதும், மலைக்கு ஏற்றுமுன், நிறுவி 30 நாளில். மாதிரியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டபின் வரும் மாற்றத்துக்குத் தனி விலை என்று ஒரு வரி. ‘கொம்பை இன்னும் கொஞ்சம் பெரிசா வையேன்’ என்பது கம்பி வளைத்தபிறகு ஒரு வாரக் கூலி.

உரிமை பற்றி உங்களுக்குக் கல்லூரியில் சொல்லியிருக்க மாட்டார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், சிற்பத்தை விற்றுவிட்டதாலேயே பதிப்புரிமை வாங்கியவருக்குப் போய்விடாது. எழுதிக் கொடுத்தால்தான் போகும். அரசு வேலை என்றால் நிலைமை தலைகீழ், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அரசே முதல் உரிமையாளர். அந்த உருவத்தைச் சின்னதாக்கிச் சாவிக்கொத்து போடலாமா, விடுதியின் லோகோவாக்கலாமா என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 57ஆம் பிரிவின்படி, படைப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் எதிர்க்கும் உரிமை பதிப்புரிமையை விற்றபிறகும் சிற்பியிடமே இருக்கும். தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் செகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் பிய்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்காடி, 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. இடைப்பட்டது கால் நூற்றாண்டு. அதனால் ‘இடம் மாற்றவோ அகற்றவோ வேண்டுமானால் 60 நாள் முன்னறிவிப்பு, முதல் கொள்முதல் உரிமை சிற்பிக்கு’ என்ற வரியை இப்போதே சேர்ப்பது புத்திசாலித்தனம்.

கல்லை விட்டுவிட வேண்டுமா என்றால், இல்லை. சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட், பல்லாவரத்துப் பாறையின் இனம். உளி படாத கெட்டி, வெளியில் நூற்றாண்டுகள் நிற்கும். தட்டிப் பார்த்து மணிபோலக் கணீர் என்று ஒலிக்கும் கல்லை எடுங்கள். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசலோ தேரை எனப்படும் பொள்ளலோ இருக்கும், பாதி வேலையில் பிளக்கும். சேலத்துக் கல்சட்டி செய்யும் மாக்கல் மாதிரிகளுக்கு அருமையான பொருள். வெளியில் வைத்தால் சாவியால் பெயர் கீறிவிடுவார்கள். கல்லில் இறங்குவதானால் முதலில் மாமல்லபுரத்திலோ திருமுருகன்பூண்டியிலோ ஒரு பட்டறையில் கொஞ்ச நாள் இருந்து கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். உலர்ந்த கல்லில் டயமண்ட் பிளேடு ஓட்டுவது நுரையீரலை விற்பதற்குச் சமம். தண்ணீர் விட்டே வெட்டுங்கள், கைக்குட்டை பயன்படாது, வடிகட்டி வைத்த ரெஸ்பிரேட்டர் மாட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் வெல்டிங் புகையிலும் குரோமியம் இருக்கிறது, அங்கேயும் அதே கவசம்.

பார்க்க வேண்டியவை உங்களுக்குப் பக்கத்திலேயே உள்ளன. வாழப்பாடிக்குப் பக்கம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022இல் குடமுழுக்கு கண்ட 146 அடி முருகனைச் சிற்பியின் கண்ணோடு பாருங்கள்: அத்தனை உயரத்தில் முகம் கீழிருந்து எப்படித் தெரிகிறது, சிமெண்ட் பரப்பில் மழைநீர் எந்த வழியில் ஓடிக் கறை விடுகிறது. பாலக்காடு பக்கம் மலம்புழையில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்த யக்ஷி கான்கிரீட்தான். சேலத்திலிருந்து ரயிலில் போய்த் திரும்பிவிடலாம். மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, ஓடும் பேருந்திலிருந்து பார்த்தாலும் உடம்புகளின் சாய்வு பிடிபடும்படி அமைத்திருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் செய்யப்போவதும் போகிற வண்டியிலிருந்து இரண்டு மூன்று வினாடி பார்க்கப்படும் உருவம்தான்.

வருமானம். ஒரு பொதுச் சிற்பம் முதல் பேச்சிலிருந்து கடைசி பில் வரை ஒரு வருடத்தைத் தாண்டுவது சகஜம், அரசு வேலையில் கடைசி 10 சதவீதம் இன்னும் இழுக்கும். அதனால் முதல் ஐந்து வருடத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் டிராயிங் வகுப்பு எடுப்பது தோல்வி ஆகாது, ரெசினும் கம்பியும் வாங்கும் முதல் அதுதான். முழுநேர வேலையில் மாட்டிக்கொண்டால் மட்டும் பட்டறை மூடிவிடும். அப்பாவின் பட்டறையில் வடிவமைத்த கேட், படிக்கைப்பிடி, பெயர்ப்பலகை என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு வரிசை தொடங்குங்கள். பெரிய வேலைகளை ரவுண்டானாவில் தேடுவதற்கு முன் கல்லூரி வளாகம், மருத்துவமனை முகப்பு, ஆலை வளாகம் இவற்றில் தேடுங்கள். அங்கே நிலப் பிரச்சினை இல்லை, பராமரிக்க ஆள் உண்டு. பெரிய நிறுவனங்கள் 2013 கம்பெனிச் சட்டத்தின்படி சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் 2 சதவீதத்தில் கலை, பண்பாடும் அடங்கும். இதை அந்த அலுவலகத்தில் போய்ச் சொல்லத் தெரிய வேண்டும். தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவின் அறிவிப்புகளையும், சென்னையில் உள்ள லலித் கலா அகாடமி மண்டல மையத்தின் அறிவிப்புகளையும் தவறவிடாதீர்கள்.

காகித வேலையில், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், இன்றே செய்யலாம். சிற்பத்தோடு அஸ்திவாரமும் நிறுவுதலும் சேர்ந்த ஒப்பந்தம் சேவையாகக் கருதப்படலாம், அந்த வகையில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. அரசுத் துறைகள் 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் 2 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடித்தமும், தனிநபர் ஒப்பந்ததாரரிடம் 1 சதவீத வருமான வரிப் பிடித்தமும் செய்வார்கள். இதை விலைக்குள் முன்பே வைக்காவிட்டால் கடைசியில் கை சுருங்கும்.

‘ஒரு பெண்’ என்று கேட்டிருந்தீர்கள். 160 கிலோவை ஆணும் கையால் தூக்குவதில்லை, ஹைட்ராதான் தூக்குகிறது. உங்களுக்கு வரும் தடை வேறு விதம்: சைட்டில் மேஸ்திரியும் கிரேன்காரரும் உங்களை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துப் பேசுவார்கள். வேலை ஆணை, வரைபடம், பில் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். கிரேனுக்குக் கை காட்டுவது நீங்கள் ஒருவர்தான் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள், பாதுகாப்புக்கும் அதுவே விதி. ஏற்காட்டில் நிறுவும் இரண்டு மூன்று நாளுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக வரட்டும்.

இப்போது விடுதிக்காரருக்கு என்ன சொல்வது? 1:10 கம்பி மாதிரி ஒன்றை ஒரு வாரத்தில் செய்யுங்கள், 2 மி.மீ. கம்பியில், கூழாங்கல் மேல் நிற்க வைத்து. அவருடைய வாசலை அதே அளவில் ஒரு படத்தில் வைத்து, பக்கத்தில் ஓர் ஆள் உருவத்தையும் வையுங்கள். இரண்டு விலைப்பட்டியல் கொடுங்கள்: கம்பி எருமை ஒன்று, முறையாகச் செய்த ஃபைபர் எருமை பராமரிப்புச் செலவோடு ஒன்று. 2 லட்சத்தைத் தாண்டவே மாட்டேன் என்றால், மூன்றாவதாகத் தலையும் முதுகுமேடும் மட்டும் தரையிலிருந்து எழும்பி வரும்படி ஒரு பாதி உருவம். மேற்பரப்பு 12 சதுர மீட்டரிலிருந்து ஏறக்குறைய 4 ஆகக் குறையும், மே மாதத்துக்குள்ளும் முடியும், தேயிலைப் புதரோ காப்பிச் செடியோ சுற்றி நட்டால் காட்டிலிருந்து வெளியே வருவதுபோல நிற்கும். அதற்கும் அவர் மறுத்தால் மாதிரியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள், படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். பட்டா நகலைக் கேட்பது மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால்.